மூன்றாம் அத்தியாயம்: எதை நடுவது? கடைக் கொப்பியைக் கேளுங்கள்

மரக்கறி போட வேண்டும் என்று ஆசை வந்தவுடன் நாம் எல்லோரும் போவது விதைக் கடைக்குத்தான். பக்கற்றின் மேல் உருண்டு திரண்ட கோவா, பளபளக்கும் தக்காளி, ஒரே அளவில் நறுக்கி வைத்தது போன்ற கரட். படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். றொசல்லயில் எங்கள் லயத்துக்குப் பின்னால் 20 அடி நீளமும் 10 அடி அகலமுமான ஒரு துண்டு இருந்தது. ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி. எங்களிடம் இருந்தது அதுகூட இல்லை. அந்தத் துண்டில் 40 கோவா நாற்று வைத்தேன், அதுவும் ஆனி மாதத்தில். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா பீலியில் குடத்தை வைத்துவிட்டு வந்து பார்த்தார். "ஏன்டி தங்கம், இந்த மழையிலயா கோவா வைக்கிற? கோவா ஒனக்கில்ல, நத்தைக்கு" என்றார்.

நத்தை கொஞ்சம் தின்றது. மிச்சத்தை மழை அழுக வைத்தது. அதையும் தாண்டி நின்ற செடிகள் பகலில் வாடி, இரவில் நிமிர்ந்து, மறுபடி பகலில் வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் இஞ்சிக் கிழங்கு போல வீங்கியிருந்தது. புளித்த மண்ணில் கோவாக் குடும்பத்துக்கு வரும் வேர்முண்டு நோய் அது. மண்ணில் ஒருமுறை ஏறிவிட்டால் பல வருடங்கள் போகாது. கடைசியில் வீட்டுக்கு வந்தது 11 கோவா. எல்லாம் ஒரே இரண்டு வாரத்தில் வந்தன, அந்த நேரம் சந்தையிலும் கோவா மலிவாகத்தான் கிடந்தது. நாற்று, உரம், மூன்று மாத உழைப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது கடையில் வாங்கியிருந்தால் காசு மிச்சமாகியிருக்கும்.

அந்த வருடம்தான் அம்மாவின் கடைக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொப்பியை எப்படிப் படிப்பது

தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரு கடைக் கொப்பி இருக்கும். மாதம் முழுவதும் கடனுக்கு வாங்கிச் சம்பள நாளில் தீர்க்கிற கணக்கு அது. நீங்கள் கைக்காசுக்கே வாங்குபவராக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு பழைய பள்ளிக் கொப்பியில் எழுதிவையுங்கள். இந்த நூலில் நான் சொல்லப்போகும் வேறு எந்த வேலையையும்விட இது முக்கியமானது. மண் கிண்டுவதற்கு முன்னால் இதை முடியுங்கள்.

இரண்டு மாதப் பக்கங்களை எடுத்துப் பென்சிலால் மரக்கறியை மட்டும் வட்டமிடுங்கள். எந்த மரக்கறிக்கு அதிகக் காசு போனது என்பதைவிட, எதை அடிக்கடி வாங்கினோம் என்று எண்ணுங்கள். எங்கள் கொப்பியில் எனக்குப் பெரிய ஆச்சரியம் பச்சைக் கொச்சிக்காய்தான். 50 கிராம், 100 கிராம், மறுபடி 50 கிராம் என்று இரண்டு மாதத்தில் பதினாறு முறை. ஒவ்வொரு முறையும் சின்னக் காசு, அதனால் கண்ணில் படவேயில்லை. அடுத்தது கீரைக்கட்டு. பிறகு போஞ்சி, லீக்ஸ், தக்காளி. பெரிய வெங்காயம், பருப்பு, கருவாடு, தேங்காய் என்று கொப்பியில் நிறைய இருந்தன, ஆனால் அவற்றை றொசல்ல மண்ணில் விளைவிக்க முடியாது. உருளைக்கிழங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கீரையை மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; உங்கள் கொப்பியில் உள்ள விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு கட்டு என்றால் மாதத்துக்கு 800 ரூபாய்க்கு மேல். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக ஆனது. அந்தக் கணக்கில் அம்மா மலையேறிக் கொழுந்தெடுக்கும் ஒரு நாள் பேரில் பாதிக்கும் மேல் கீரைக்கே போகிறது. அந்தக் கீரையை விளைவிக்க இரண்டு கதவு அகல நிலம் போதும். விதைகூட வாங்கத் தேவையில்லை.

வட்டமிட்ட ஒவ்வொரு மரக்கறியையும் வைத்து மூன்று விஷயம் கேளுங்கள். ஊன்றியதிலிருந்து முதல் பறிப்பு வரை எத்தனை நாள்? ஒருமுறை ஊன்றினால் எத்தனை முறை பறிக்கலாம்? எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்? ஒரு கோவாவுக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் வேண்டும், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், ஒரு தடவை வெட்டினால் முடிந்தது. அதே இடத்தில் வல்லாரை படர்ந்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு சுண்டலுக்கு ஆகும், வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். காசு மிச்சம் பிடிக்க நடுகிறவருக்குப் பல தடவை பறிக்கிற செடிதான் செடி.

நாலாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது, அதை நம் வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்து, அடுப்பு மூட்டுவதற்கு இடையில் கிடைப்பது அரை மணி நேரம். தினம் மருந்தடித்து, தினம் மூடித் திறந்து காக்க வேண்டிய பயிரை அந்த அரை மணிக்குள் வளர்க்க முடியாது. அப்படிப்பட்டதை வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால் மட்டும் நடுங்கள்.

நம் மழைக்கு எது தாங்கும்

நுவரெலியா மரக்கறி என்று நாம் பெருமையாகச் சொல்லும் லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட் எல்லாம் குளிர் நாட்டிலிருந்து வந்தவை. 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை போட்டுத் தன் நாட்டுப் பயிர்களை வளர்த்துப் பார்த்தார். அந்த ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாம் இருப்பது அங்கே அல்ல. வட்டவளை ஏறக்குறைய 1000 மீற்றர், ஹட்டன் 1260 மீற்றர். ரயில் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் றொசல்லயில் நிற்கிறது. நுவரெலியாவில் தை, மாசியில் புல்லில் உறைபனி படியும். நமக்குப் பனி பெரிய எதிரியில்லை, மழைதான். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. கொழும்பில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு அது. வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரை துணி காயாது.

ஆகவே நுவரெலியாவில் விளைகிறதே என்று பார்த்து நடாதீர்கள். பக்கத்து லயத்தில் ஆடி மாதத்தில் எது பச்சையாக நிற்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். எங்கள் பக்கம் நான் கண்டது பொன்னாங்காணி, வல்லாரை, சேம்பு, சௌசௌ, நாய்க் கொச்சிக்காய். இந்த ஐந்துதான் என் முதல் சிபாரிசு.

கீரை: கடையில் வாங்கிய கட்டே நாற்று

பொன்னாங்காணியைச் சமைக்க ஆய்ந்த பிறகு தண்டை வீசிவிடுகிறோம். ஒரு சாண் நீளத்தில் கணு உள்ள தண்டுகளை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். ஈரம் இருந்தால் பத்து நாளில் துளிர் விடும். கங்குனும் அப்படியே, ஆனால் அது சூடு விரும்பி. மார்கழிக் குளிரில் சோம்பி நிற்கும், பங்குனியில் எழும்பும். வல்லாரையை வேரோடு விற்பார்கள். நாலு கொடியைப் பிரித்து வைத்தால் போதும், அதுவே ஓடிப் பாத்தியை மூடிக்கொள்ளும்.

பறிக்கும்போது பிடுங்காதீர்கள், மண்ணிலிருந்து நாலு விரல் விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். பாத்தியை மனதுக்குள் நாலாகப் பிரித்து வாரம் ஒரு பகுதியை வெட்டினால் ஐந்தாம் வாரம் முதல் பகுதி மறுபடி தயாராகியிருக்கும். தேயிலையில் கொழுந்து சுற்று வருவது போலத்தான். இதை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தேயிலை மலைக்குள் முளைக்கும் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் சும்மா கிடைக்கிறதே என்று பறித்து வராதீர்கள். எந்த மலையில் எந்த வாரம் களைநாசினி அடித்தார்கள் என்று நமக்கு எப்போதும் தெரியாது. லயத்துக் கழிவு நீர் ஓடும் கானின் ஓரத்தில் கங்குன் செழித்து நிற்கும், அதையும் தொடாதீர்கள். கீரைப் பாத்திக்கான இடம் பீலியிலிருந்து வழியும் நல்ல நீரின் ஓரம்.

முளைக்கீரையும் போடலாம், ஆனால் அதன் விதை கடுகைவிடச் சின்னது. பெருமழை ஒன்று வந்தால் விதை முழுவதும் கீழ்வீட்டுக்குப் போய்விடும். மழை குறைந்த மார்கழி முதல் பங்குனி வரை மட்டும் தூவுங்கள். மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது.

சௌசௌ: ஒரு காய், பல வருடம்

இதன் கன்றுக்கு எங்கேயும் போக வேண்டாம். முற்றிய காய் ஒன்றை அடுக்களை மூலையில் வைத்துவிடுங்கள். வாய் பிளந்து முளை வரும். முளை மேலே இருக்கும்படி காயை முழுதாகச் சாய்த்து, முக்கால் பாகம் மண்ணுக்குள் போகப் புதையுங்கள். வெட்டிப் புதைத்தால் அழுகிவிடும். நாலைந்து மாதத்தில் காய்க்கத் தொடங்கினால் பிறகு பறித்து மாளாது. பாதியைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுப்பீர்கள். பருப்போடு போட்டால் கறி, தேங்காய்ப்பால் விட்டால் வெள்ளைக் கறி, நுனித் துளிரைக் கிள்ளினால் சுண்டல். கீரை இல்லாத நாளில் அந்தத் துளிர்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. கொடி முதிர்ந்தால் அடியில் கிழங்கும் கிடைக்கும், அதுவும் அவித்துத் தின்னக்கூடியது.

பந்தல் பலமாக இருக்க வேண்டும். லயத்துத் தகரத்தின் மேல் ஏற்றிவிடுவது பலருடைய வழக்கம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நனைந்த கொடியின் பாரம் பழைய கூரைக்குத் தாங்காது, அதன் கீழே ஈரம் தங்கித் தகரம் துருப்பிடிக்கும். பிறகு ஒழுகும் கூரைக்கு ஆகும் செலவு ஆயுளுக்கும் சௌசௌ வாங்கப் போதும். நாலு சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போடுங்கள். பந்தலின் கீழ் நிழலில் வல்லாரை வளரும். ஒரே இடத்தில் இரண்டு பயிர்.

கொச்சிக்காய்: கூரைத் தாழ்வாரத்தில்

பதினாறு முறை கடைக்குப் போன கதையைச் சொன்னேனே, அதை நிறுத்தியது நான்கு வாளிகள். ஓட்டை விழுந்த பெயின்ட் வாளிகளை இஸ்தோப்பு ஓரத்தில், மழை நேராக அடிக்காமல் வெயில் மட்டும் விழும் இடத்தில் வைத்தோம். கொச்சிக்காய்க்கு ஈரமான இலைதான் நோய். கூரைத் தாழ்வாரம் அதற்குக் குடை.

நாய்க் கொச்சிக்காய் ஒரு வீட்டுக்கு இரண்டு செடி போதும், உறைப்பு அவ்வளவு. இந்த உயரத்தில் நன்றாகக் கவனித்தால் இரண்டு மூன்று வருடம் நின்று காய்க்கும். பழுத்த காயிலிருந்தே விதை எடுத்து, நிழலில் காயவைத்து நாற்றுப் போடலாம். மற்ற இரண்டு வாளியில் நீளப் பச்சைக் கொச்சிக்காயோ கறிமிளகாயோ வையுங்கள். ரொட்டிக்கு இடித்த சம்பல் இல்லாமல் நம் வீட்டில் காலைச் சாப்பாடு இல்லை. அதனால் இந்த வாளிகள் தினம் சம்பாதிக்கின்றன.

தாழ்வாரத்தில் இடம் மிஞ்சினால் தக்காளி மூன்று செடி. திறந்த பாத்தியில் தக்காளி என்பது நம் ஊரில் சூதாட்டம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் கருகல் நோய் வரும், உருளைக்கிழங்கை அழிப்பதும் அதே நோய்தான். இன்று இலையில் ஒரு கறுப்புப் பொட்டு, ஐந்தாம் நாள் செடி வெந்தது போல் தொங்கும். மேலே தெளிந்த பொலித்தீன் விரித்து, தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டால் பிழைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாற்றுப் போடுங்கள்.

போஞ்சி, தீபாவளி கழிந்து

பாத்தியில் காசு மிச்சம் தருவதில் கீரைக்கு அடுத்த இடம் கொடிப் போஞ்சிக்கு. புதர்ப் போஞ்சி இரண்டு மூன்று பறிப்பில் முடிந்துவிடும். கொடி மேலே போவதால் நிலம் பிடிக்காது, ஒரு மாதத்துக்கு மேல் பறிக்கலாம். கென்டக்கி வொண்டர் பழைய இனம், பரவலாகக் கிடைக்கும், விதையை நாமே எடுத்து வைக்கலாம். ஊன்றிய 55, 60 நாளில் முதல் பறிப்பு. தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போது ஒரு பக்கற் விதையை வாங்கிவிடுங்கள். கார்த்திகை பிறந்தவுடன் ஊன்றினால் தைப்பொங்கல் கறிக்கு உங்கள் வீட்டுப் போஞ்சி இருக்கும். மாசியில் இன்னொரு தடவை ஊன்றலாம். ஆனி, ஆடியில் வேண்டாம்.

இளம் செடியில் அடித்தண்டு வீங்கி, வெடித்து, இலை மஞ்சளானால் அது போஞ்சி ஈயின் வேலை. சின்னப் புழு தண்டுக்குள் இருக்கும். மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன் முதல் இரண்டு இலைவரை மண்ணை அணைத்துவிடுங்கள். வீங்கிய இடத்துக்கு மேலே புது வேர் விட்டுப் பல செடிகள் பிழைத்துக்கொள்ளும்.

நல்ல கொடிகள் இரண்டில் முதல் காய்களைப் பறிக்காமல் விடுங்கள். அவை கொடியிலேயே காய்ந்து சலசலக்க வேண்டும். உரித்து, சாம்பலில் புரட்டி, போத்தலில் அடைத்து அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். ஒட்டுவிதை என்றோ எப்-1 என்றோ பக்கற்றில் போட்டிருந்தால் அதிலிருந்து விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. இந்தப் போத்தலின் அருமை 2022இல் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முந்திய வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் அதைத் திருப்பி எடுத்தார்கள், அதற்குள் விளைச்சல் விழுந்துவிட்டது. பிறகு டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, லொறி இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூடக் கொடுத்தார்கள். கொழுந்தெடுக்கிறவருக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இல்லை. ஆனால் எங்கள் லயத்தில் இரண்டு வீட்டில் போஞ்சி விதைப் போத்தல் இருந்தது, அதிலிருந்து பன்னிரண்டு காம்பராவும் ஊன்றியது.

பெரியம்மா அப்போது பேசியதெல்லாம் 1973, 74 பஞ்சத்தைப் பற்றித்தான். மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. சேம்பும் மரவள்ளியும் இருந்த வீட்டில் அடுப்பெரிந்தது என்பார். அதனால் கானோரத்து ஈரத்தில் நாலு சேம்பும், மேட்டில் நாலு மரவள்ளிக் குச்சியும் வையுங்கள் என்று நானும் சொல்கிறேன். மாதக் கணக்கில் அவை பெரிய மிச்சம் காட்டாது, மரவள்ளிக்கு இந்த உயரத்தில் பத்து மாதத்துக்கு மேலும் ஆகும். கொப்பியில் கடன் கூடிய மாதத்துக்கு அவை இருப்பு. மரவள்ளியைத் தோலுரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்; அரைவேக்காட்டில் தின்னக் கூடாது.

வேண்டாம் என்று நான் சொல்பவை

உருளைக்கிழங்கு வேண்டாம். விதைக்கிழங்கு விலை, பூஞ்சை மருந்துச் செலவு, கருகல் நோய் மூன்றும் சேர்ந்தால் 200 சதுர அடியில் மிச்சம் வராது. கோவாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதன் ஆசை விடாதவர்கள் நோக்கோல் வையுங்கள். இரண்டு மாதத்தில் கிழங்கு, அதுவரை கீழ் இலைகள் சுண்டலுக்கு. முள்ளங்கியும் அப்படி, 45 நாளில் இலையும் கிழங்கும்.

கரட்டைப் பற்றிப் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் 2000 ரூபாயைத் தொட்டபோது எங்கள் பக்கத்தில் கல்லும் களியுமான மண்ணில்கூடக் கரட் தூவினார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு கால், மூன்று கால் முளைத்த கரட்டைத் தோண்டி எடுத்தபோது கடை விலை இறங்கியிருந்தது. அந்த விலையைப் பார்த்து நாடு முழுவதும்தான் கரட் போட்டிருந்தார்களே. இன்றைய விலையைப் பார்த்து நடுவது எப்போதும் பிந்தித்தான் போகும். கொப்பியைப் பார்த்து நட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு அடி ஆழத்துக்குக் கல் பொறுக்கிய பொலபொலப்பான மண் உங்களிடம் இருந்தால் மட்டும் கரட்டைப் பற்றி யோசியுங்கள்.

லீக்ஸை விதையிலிருந்து வளர்க்க ஐந்து மாதம் போகும். ஆனால் கடையில் வேரோடு வாங்கிய லீக்ஸின் அடிப்பகுதியை இரண்டு விரல் விட்டு வெட்டி மண்ணில் வைத்துப் பாருங்கள், இலை மறுபடி ஓடும். சின்ன வெங்காயம் முளைவிட்டால் அதையும் வீசாதீர்கள், தாள் வெட்டிக்கொள்ளலாம். சேரையைப் பாத்தியின் கீழ் ஓரத்தில் வரிசையாக வைத்தால் மண்ணையும் பிடிக்கும், கறிக்கும் ஆகும்.

மண்ணும் இடமும்

தேயிலை புளித்த மண்ணில்தான் வளரும். நல்ல தேயிலை மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை. மரக்கறிக்கு அது 6ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆகவே தேயிலைக் காணியிலிருந்து பிரித்துக் கொடுத்த துண்டில் எது நட்டாலும் முதல் வருடம் குன்றித்தான் நிற்கும். உங்கள் கை ராசியில் குற்றமில்லை. பத்தடிக்கு மூன்றடிப் பாத்திக்கு அரைக்கிலோ டொலமைட் தூவிக் கிளறி, இரண்டு வாரம் விட்டுவிட்டு நடுங்கள். அடுப்புச் சாம்பலும் உதவும், ஆனால் டொலமைட்டோ சாம்பலோ போட்ட அன்றே சாணமும் கோழி எருவும் போடாதீர்கள். எருவின் சத்து ஆவியாகிப் போய்விடும். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். பாத்தி ஒரு சாண் உயரம், சரிவுக்குக் குறுக்கே, சுற்றிக் கான். நட்டவுடன் மண்ணைத் தழையால் மூடுங்கள்.

புது வீடு கிடைத்தவர்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு போக 1300 சதுர அடிக்கு மேல் மிஞ்சும். முழுவதையும் ஒரே வருடத்தில் கொத்தாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் மண்திட்டு நின்றால் பாத்திக்காக அதை வெட்டவே வேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. திட்டில் விரிசல் தெரிந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். பயிர் நோயைப் பற்றிக் கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கம் இருக்கிறது. எந்த மருந்தும் வாங்குவதற்கு முன் அதற்கு ஒரு தடவை அழையுங்கள்.

குரங்குக்கும் பன்றிக்கும் முழு மருந்து என்னிடம் இல்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கு எண்ணினார்கள், அவ்வளவு பெரிய தொல்லையாக அது வளர்ந்திருக்கிறது. என் அனுபவத்தில் குரங்கு போஞ்சியையும் தக்காளியையும் நாசமாக்கும், பன்றி மரவள்ளியைத் தோண்டும். கொச்சிக்காயையும் வல்லாரையையும் இதுவரை எதுவும் தொட்டதில்லை. காட்டோரத்து லயமாக இருந்தால் அந்தப் பக்கம் சேரையும் கொச்சிக்காயும் வைத்து, போஞ்சியை வாசலுக்கு அருகில் கொண்டுவாருங்கள்.

பின்னட்டைக் கணக்கு

நட்ட பிறகு கொப்பியை மூடிவைக்காதீர்கள். அதன் பின்னட்டையில், வீட்டிலிருந்து பறித்ததைப் பறித்த அன்றே எழுதுங்கள்: திகதி, என்ன, எவ்வளவு, அன்றைய கடை விலை. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர்கள் விடமாட்டார்கள். என் பின்னட்டையில் ஒரு தை மாதம் இப்படி இருக்கிறது: பொன்னாங்காணி 5 கட்டு, வல்லாரை 3, சௌசௌ 14 காய், போஞ்சி ஆறு தடவை, கொச்சிக்காய்க்கு எண்ணிக்கை இல்லை, "தினம்" என்று மகள் எழுதியிருக்கிறாள். அந்த மாதம் முன்பக்கத்தில் மரக்கறிக்கு விழுந்த வட்டம் நான்குதான், மூன்று தக்காளி, ஒரு பீட்ரூட்.

மூன்று மாதமாகப் பின்னட்டையில் ஒரு வரியும் வராத செடி எது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது புதினா. வாசனையாக, செழிப்பாக ஒரு வாளி நிறைய நின்றது, யாரும் கிள்ளவில்லை. அதைப் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாளியில் ஐந்தாவது கொச்சிக்காயை வைத்தோம்.